கொதிப்பு

மாதம் ஒரு ஞாயிறு
மோல்மீன் கோயில் மண்டபத்தில்
டாக்டர் நூ யின் பர்மியத்தில் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார்.
மிச்சம் என் வேலை.
கடைத்தெருவில் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவள் நான்;
இந்தத் தாளில் இருப்பது அப்படியே அந்தத் தாளில் விழும்.
வாயால் எடுக்கும் நகலும் அப்படித்தான் என்று
இன்று காலை வரை நம்பியிருந்தேன்.

முதல் கூட்டத்தில் சர்க்கரை.
ஸீ ச்சோ, இனிக்கும் மூத்திரம்.
எறும்பு மொய்த்த கதை நமக்கும் தெரியும், சுலபம்.
அடுத்த மாதம் ஙப்பியில் எத்தனை உப்பு என்றார்,
பின்வரிசைப் பெண்களுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.
அதற்கடுத்து
த்வே தோ.
இரத்தம் கூடுகிறது என்று அர்த்தம்.
அவர் காத்திருந்தார், யோசிக்க நேரமில்லை,
கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்:
இரத்தக் கொதிப்பு.

மூன்று மாதம் கழித்து இன்று
டயர் ஒட்டும் சங்கிலிமுத்து
சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
பட்டை உப்பியது, இறங்கியது.
நூற்று எழுபத்தெட்டு, நூற்று நான்கு.
மாத்திரை போடுகிறாரா என்று டாக்டர் என்னைக் கேட்க
நான் அவரைக் கேட்டேன்.

"போடறேனே. கோபம் வர்ற அன்னிக்கெல்லாம் தவறாமப் போடறேன்."

மருமகன் பணம் கேட்டு வந்த நாளில் ஒன்று.
நகராட்சிக்காரன் கடைக்கூரையைப் பிரிக்கச் சொன்ன நாளில்
இரண்டு.
"மத்தபடி நான் சாதுவான ஆளும்மா,
எனக்கு எதுக்குச் சும்மா கொதிக்கப் போவுது?"
பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்.
மூன்று மாதத்துக்கு ஒன்பது குழிகள் காலி.

என்ன சொல்கிறார் என்றார் டாக்டர்.
எங்கள் மொழியில் இரத்தம் கொதிக்கும் என்று
சொல்ல வேண்டியதாயிற்று.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"கொதித்தது ஆறுமா, உங்கள் மொழியில்?"
ஆறும் என்றேன். முகம் சுட்டது.

பிறகு ஆளாளுக்கு ஒன்று.
அழுத்தம் என்றார் கணக்கப்பிள்ளை; அது ரேடியோ தமிழ் என்றார்கள்.
பிரஷர் என்றான் ஒரு பையன்;
பிரஷர் என்றால் விசில் அடிக்குமே, இது எங்கே அடிக்கிறது
என்று கேட்டாள் மீன் விற்கும் பவுனம்மா.
சங்கிலிமுத்து மட்டும் தரையைப் பார்த்தபடி
"காத்து" என்றார்.

"அளவுக்கு மேல காத்து அடிச்ச டயரு.
பாத்தா தெரியாது.
நல்லாத்தான் உருளும்.
மீட்டரு வெச்சாத்தான் தெரியும்,
வெக்காம விட்டா
தாட்டோன் ரோட்டுல தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.
தாட்டோன் ரோட்டில் அவர் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று
மண்டபத்துக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.
டயரை மட்டும் பர்மியத்தில் சொன்னேன்.
தினமும் என்று சேர்த்துச் சொல் என்றார் அவர்,
கோபம் வந்தாலும் வராவிட்டாலும்.
சேர்த்தேன்.
அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி
தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினார் சங்கிலிமுத்து,
என்னைப் பார்த்தபடி.

இரவு, மின்சாரம் இல்லை.
அடுத்த கூட்டத்துக்கென்று இருநூறு தாள் எடுத்து வைத்திருந்தேன்,
தலைப்பில் கொட்டை எழுத்தில் அந்தச் சொல்.
மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாய் அடிக்கிறேன்.
மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
காற்று என்று எழுதினால்
வாயுத் தொல்லை என்று இஞ்சி தட்டிப் போடுவார்கள்.
அறுபதோ எழுபதோ அடித்திருப்பேன்,
உள்ளே சோற்றுப்பானை
மூடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது.

அதுதான் கொதிப்பு.
எழுந்து போய் இறக்கினேன்.